இரண்டாவது முறை தட்டாதவர்

ஹார்மன் போல்ஹவுஸ் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டியே பிழைத்தவர். தபால்காரர் இல்லை, பாதிரியார் இல்லை, எதையும் விற்றவரும் இல்லை. “உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்?” என்று கேட்பது அவர் தொழில். குரோனிங்கன் நகரத்து ஆய்வு மையம் ஒன்றில் மக்கள்தொகையியலாளராக இருந்தார். எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணுகிற வகை இல்லை. யாருக்கு யார் இருக்கிறார்கள் என்று எண்ணுகிற வகை.

மாணவனாக இருந்தபோது சைக்கிளில் மாகாணம் முழுக்கச் சுற்றிப் பேட்டி எடுத்தார். எதிர்க்காற்று, மழை, குலைக்கும் நாய்கள். கதவு திறந்தால் ஒரு கோப்பை காபியும் ஒரு பிஸ்கட்டும் கிடைக்கும். பிஸ்கட் டப்பா உடனே மூடப்படும். மூடாமல் மேசையிலேயே வைத்து, இரண்டாவது கோப்பையையும் ஊற்றுகிற வீட்டில் ஆள் தனிமையில் இருக்கிறார் என்று அர்த்தம். எந்தப் பாடப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் பின்னாளில் அவர் போட்ட கணக்குகள் எதுவும் இதைப் பொய்யாக்கியதில்லை.

அவருடைய முறை எளிமையானது. ஒரு தாள், நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி மூன்று வட்டங்கள். “இந்தப் புள்ளி நீங்கள். உங்களுக்கு வேண்டியவர்களை எழுதுங்கள். நெருக்கமானவர்கள் உள்ளே, மற்றவர்கள் வெளியே.” அப்புறம் வாயைத் திறக்கமாட்டார். பென்சில் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பார்ப்பார். மூன்று வருடங்கள் கழித்து அதே வீட்டுக்குப் போய் மறுபடி வரையச் சொல்வார். இப்படியே முப்பது வருடங்களுக்கு மேல். ஒரே மனிதரின் வட்டங்கள் நிரம்புவதையும் காலியாவதையும் பார்த்தார். விவாகரத்துக்குப் பிறகு அப்பாக்கள் உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்கும், வெளிவட்டத்திலிருந்து தாளுக்கு வெளியேயும் நழுவுவதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள்தான் கொஞ்சம் பேர் வாங்கின. அதில் அவர் கண்டது இது: சண்டை போட்டு முறித்துக்கொண்டவர்கள் குறைவு. ‘அவன் கூப்பிடட்டும்’ என்று அப்பனும் ‘அவர் கூப்பிடட்டும்’ என்று பிள்ளையும் காத்திருந்து காத்திருந்து அறுந்துபோனவர்கள்தான் அதிகம்.

இதைக் கண்டுபிடித்த மனிதருக்கு முதல் கல்யாணத்தில் ஒரு மகன் இருந்தான். பெயர் யெல்மர். பதினெட்டு வருடங்களாக அவனோடு அவருக்குப் பேச்சு இல்லை.

இரண்டாம் கல்யாணத்தில் பிறந்தவள் ரென்ஸ்கே. நீர் வாரியத்தில் பொறியாளர். மழைநீரைத் தாழ்நிலத்திலிருந்து கால்வாய்க்கு ஏற்றும் நீரேற்று நிலையங்கள் அவள் பொறுப்பு. அப்பாவின் தொழில் அவளுக்குப் பிடிபட்டதில்லை. பம்ப் ஓடும் அல்லது நிற்கும். நின்றால் காரணம் இருக்கும். மனிதர்கள் நின்றுபோவதற்கு அப்பா காட்டிய காரணங்கள் எல்லாம் அவளுக்குக் கைக்குள் அடங்காத தண்ணீர். அந்த வசந்தத்தில் அப்பாவின் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். கோடைக்குள் அது ஈரலுக்கு ஏறியிருந்தது. ஹாரன் ஊரில் அப்பாவின் வீட்டு முன்னறைக்கு நோயாளிகளுக்கான உயரக் கட்டில் ஒன்று வந்தது. ரென்ஸ்கே விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவள் அம்மா கெசினா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்ததால் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

வேறு ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. தீநேக்கே இருந்தாள். அப்பாவின் ஆய்வுக்குப் பேட்டியாளர்களை அனுப்பி மேய்த்தவள் அவள்தான். குரல் கரகரப்பு, வாய் அதைவிட. தினமும் சைக்கிளில் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து அவரை வைவாள். அவருக்கு அது மருந்தைவிட நன்றாக வேலை செய்தது.

யெல்மர் விஷயத்தைப் புரிந்துகொள்ள, ஹார்மன் வகுத்த ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வின்ஸ்ஹோட்டன் ஊரில் ஒரு விதவை. முதல் முறை பேட்டி கொடுத்தாள். வட்டத்துக்குள் எழுதப் பெயரே இல்லாமல் அழுதாள். போகும்போது, “இனிமே வராதீங்க” என்றாள். அந்தப் பகுதிப் பேட்டியாளனுக்குப் பேட்டிக்கு இவ்வளவு என்று கூலி. மறுபடி போனான். அதற்குப் பிறகும் போனான். கடைசியில் அவள் மகன் ஆய்வு மையத்துக்குத் தொலைபேசியில் கத்தினான். அம்மா இப்போது யார் வந்தாலும் கதவைத் திறப்பதில்லை, மருத்துவத் தாதிக்குக்கூட. ஹார்மன் மன்னிப்புக் கேட்க ரயிலேறிப் போனார். அவள் தெருமுனை வரை போய்விட்டு நின்றார். மன்னிப்புக் கேட்கப் போனாலும் அதுவும் ஒரு தட்டல்தானே என்று தோன்றியது. திரும்பி வந்துவிட்டார்.

அதிலிருந்து விதி பிறந்தது. ‘இனி வராதே’ என்று ஒருவர் சொன்னால் அந்தக் கதவு மூடியது. வேறு ஆளை அனுப்பிப் பார்ப்பது, ஆறு மாதம் கழித்துக் கேட்டுப் பார்ப்பது, புத்தாண்டு வாழ்த்து அனுப்புவது, ஒன்றும் கிடையாது. மற்ற மையங்களில் இவ்வளவு கண்டிப்பு இல்லை. அங்கே மெல்லப் பேசி வழிக்குக் கொண்டுவரத் தனியாகவே ஆள் வைத்திருந்தார்கள்.

“உன் மரியாதையால நம்ம கணக்கு கிழிஞ்ச வலையாட்டம் இருக்கு, ஹார்மன்” என்பாள் தீநேக்கே.

“கிழிஞ்ச இடத்தைக் கிழிஞ்ச இடம்னே காட்டுவோம். மறுப்பும் ஒரு பதில்தான்.”

அந்த விதியில் அவருக்குப் பெருமை இருந்தது. பணி ஓய்வு விழாவில் அவரைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள்.

யெல்மருக்கு ஒன்பது வயதில் பெற்றோர் பிரிந்தார்கள். அவன் அம்மாவோடு பக்கத்து மாகாணமான ஃப்ரீஸ்லாந்துக்குப் போனான். வார இறுதியில் ரயிலில் அப்பா வீட்டுக்கு வருவான். ரென்ஸ்கே பிறந்த பிறகு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிவான். அவனுக்கு இருபத்திரண்டு வயதாக இருக்கும்போது நகர நூலகத்தில் ஹார்மனின் பொதுச் சொற்பொழிவு ஒன்று நடந்தது. யெல்மர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தான். அப்பாவுக்கு ஆச்சரியம் கொடுக்க நினைத்தான் போல. ஹார்மன் திரையில் ஒரு படம் காட்டினார். இரண்டு வீடு, நடுவே ஒரு ரயில், அதில் ஒரு பொம்மைப் பையன். “ஒன்பது வயது. இரண்டு வீட்டிலும் பல் தேய்க்கும் பிரஷ் வைத்திருக்கிறான். ஆனால் காலணியை எப்போதும் ஒரு வீட்டில்தான் மறந்துவிட்டு வருவான். எந்த வீடு என்று சொல்லுங்கள் பார்ப்போம்?” என்றார். கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, அன்பான சிரிப்பு. அதுதான் இன்னும் மோசம்.

வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் யெல்மர் காத்திருந்தான். பத்து வயது ரென்ஸ்கே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாய் நிறைய அதிமதுர மிட்டாயோடு நின்றாள். அண்ணனின் முகம் அப்படி வெளுத்து அவள் பார்த்ததில்லை.

“இனிமே எனக்கு போன் பண்ணாத. எழுதாத. வராத” என்றான்.

அப்பா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “சரி” என்றார்.

அவ்வளவுதான். அந்த ஊர் வழக்கப்படி கழிப்பறைச் சுவரில் தொங்கிய பிறந்தநாள் காலண்டரில் யெல்மரின் பெயர் அப்படியே இருந்தது. வருடா வருடம் அந்தத் தேதியில் கெசினா, “ஒரு போன்தான் பண்ணேன்” என்பாள். “அவன் வேண்டாம்னு சொல்லிட்டானே, கெசினா” என்பார் அவர். கோபமே இருக்காது அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் யாராவது அவரோடு சண்டைபோட்டிருக்கலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை டாக்டர் தம்மிங்கா வந்து பார்த்தார். ஹார்மனின் தோல் மஞ்சளாகியிருந்தது. மார்ஃபின் வலியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

“போதும்னு தோணுது” என்றார் ஹார்மன்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “சாயங்காலம் மருந்து போட்டுத் தூங்க வெச்சிடலாம். ஆனா அப்புறம் எழுந்திருக்க மாட்டீங்க, ஹார்மன். தூக்கத்திலயே போயிடுவீங்க. பேச வேண்டியது யார்கிட்டயாவது இருந்தா அதுக்குள்ள பேசிடுங்க.”

“எல்லார்கிட்டயும் பேசியாச்சு.”

டாக்டர் போனதும் ரென்ஸ்கே கட்டிலருகே வந்தாள். “யெல்மரைக் கூப்பிடறேன்.”

“வேண்டாம்.”

“ஏன்?”

“அவன் மறுத்திருக்கான். சாகப் போறேன்னு சொல்லிக் கூப்பிட்டா அது கேக்கறது இல்ல, கழுத்தைப் பிடிக்கறது.”

“அப்பா, நீயேதான எழுதின? ரெண்டு பேரும் காத்திருந்து காத்திருந்தே அறுந்துபோகுதுன்னு.”

“அது சராசரி” என்றார் அவர். “சராசரியை வெச்சு ஒரு ஆளைத் தீர்மானிக்கக் கூடாது. முதல் வருஷப் பாடம்.”

தீநேக்கே ஜன்னலோரம் இருந்து திரும்பினாள். “கேட்டியா ரென்ஸ்கே? செத்தாலும் அடிக்குறிப்போடதான் சாவான்.”

ஹார்மன் சிரிக்கப் பார்த்தார். வயிறு விடவில்லை.

ரென்ஸ்கே சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யெல்மரின் எண் அவளிடம் இருந்தது. கெசினா இறந்தபோது அவன் அவளுக்கு மட்டும் ஆறுதலாக ஒரு வரி அனுப்பியிருந்தான். மணி அடித்தது. பின்னால் இன்ஜின் இரைச்சல்.

“அப்பா சாகப்போறாரு” என்றாள்.

“வேலைல இருக்கேன். போன்ல இதெல்லாம் பேச மாட்டேன். பேசணும்னா நேர்ல வா. டொக்கும் ஊரைத் தாண்டி, கால்வாய் ஓரத்துல ஓட்ஸ்மா பண்ணைன்னு கேளு. பால் ஏத்திக்கிட்டு இருப்பேன்.”

தீநேக்கேயிடம் அப்பாவை விட்டுவிட்டுக் காரை எடுத்தாள்.

யெல்மர் பால் டேங்கர் லாரி ஓட்டினான். பண்ணை முற்றத்தில் லாரி நின்றது. கறவைக் கொட்டிலிலிருந்து வந்த குழாயை வண்டியில் மாட்டிவிட்டு ரப்பர் பூட்ஸோடு நின்றிருந்தான். நாற்பது வயது, நரைத்த தாடி. அப்பாவின் அதே தொங்கிய தோள். அவன் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. கையும் கொடுக்கவில்லை.

“வளர்ந்துட்ட.”

“பதினெட்டு வருஷமாச்சே, வளராம?”

“ஏறு. வண்டி நிக்க நேரமில்ல.”

லாரியின் முன்னிருக்கையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வரப்பு மாதிரி ஒடுங்கிய பாதையில் லாரி உருண்டது. இரண்டு பக்கமும் வாய்க்கால். நாரைகள்.

“அந்தாள் என்னைக் கேட்டாரா?” என்றான்.

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “கேக்கல.”

“அப்ப நீ ஏன் வந்த?”

“நீ மறுத்துட்டியாம். மறுத்தவங்களைத் திரும்பக் கேக்கக் கூடாதாம். அவரோட விதி அது.”

“என்ன விதி?”

சொன்னாள். வின்ஸ்ஹோட்டன் விதவை, மூடிய கதவு, எல்லாம். சுருக்கமாக, ஒரு பழுது அறிக்கை மாதிரி. அவன் லாரியை ஓரங்கட்டினான். இரண்டு கையும் ஸ்டியரிங் மேலேயே இருந்தன.

“நான் என்ன, முகவரியா?” என்றான். “நாளைக்குக் கணக்கெடுக்க வராதேன்னா சொன்னேன்? இருபத்திரண்டு வயசுடீ எனக்கு! ஊரே என் செருப்பைப் பார்த்துச் சிரிச்சிருக்கு. கோவத்துல வராதன்னேன். எந்தப் பையன் அப்பன்கிட்ட அதைச் சொல்லல?”

ரென்ஸ்கே கண்ணாடிக்கு வெளியே வாய்க்காலைப் பார்த்தாள்.

“போன் பண்ணியிருந்தா திட்டியிருப்பேன். வெச்சிருப்பேன். மறுபடி பண்ணியிருந்தா மறுபடி திட்டியிருப்பேன். அதுதான வேணும்? எங்கம்மா செத்த அன்னிக்கு, அந்தாள் இன்னிக்காவது கூப்பிடுவாருன்னு போனை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிடல. சரி, நான் அந்தாளுக்கு வேண்டாதவன்னு அன்னிக்கு முடிவு பண்ணேன்.” மூக்கை உறிஞ்சினான். “ஊருக்குத்தான் உபதேசம். பேப்பர்ல எழுதினதையெல்லாம் படிச்சிருக்கேன் நான். ஒண்ணு விடாம.”

“நீயாவது பண்ணியிருக்கலாமே” என்றாள் ரென்ஸ்கே.

“பண்ணியிருக்கலாம்.”

இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. ஒரு டிராக்டர் பின்னால் வந்து ஒலியெழுப்பியது. யெல்மர் வண்டியை நகர்த்தினான்.

“சாயங்காலம் மருந்து போடறாங்க. அப்புறம் பேச முடியாது” என்றாள்.

“இன்னும் ஒரு பண்ணை இருக்கு. அப்புறம் ஆலையில இறக்கணும். பாலை நடுரோட்டுல விட்டுட்டு வர முடியாது, மாடு எனக்காகக் காத்திருக்காது.” கியரை மாற்றிவிட்டு, “இறக்கிட்டு வரேன்” என்றான். “வரேன்னு அவர்கிட்ட சொல்லாத. நடுவுல எனக்கே மனசு மாறினாலும் மாறும்.”

சரி என்றாள். அவன் சுற்றிவந்து அவளைக் கார் அருகே இறக்கிவிட்டான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அப்பா அவள் முகத்தையே பார்த்தார். கதவுகளுக்கு முன் நின்று முகம் பார்த்தே காலம் தள்ளியவரிடம் எதை மறைப்பது?

“எங்க போயிட்டு வந்த?”

“யெல்மர் வர்றான்.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். “நீ கெஞ்சினியா? இல்ல, தானா சொன்னானா?”

“தானா சொன்னான்” என்றாள் ரென்ஸ்கே.

அவர் அதை நம்பினார். நம்ப வேண்டியிருந்தது போல. தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தார். “சவரம் பண்ணி விடேன்” என்றார்.

தீநேக்கே வெந்நீர்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். “இந்த நேரத்துல சவரமா? எவ வர்றா?”

“பையன் வர்றான்.”

தீநேக்கே துண்டை எடுத்து அவர் மார்பில் விரித்தாள்.

வலது கன்னம் முடிந்தது. இடது கன்னத்துக்குப் போகும்போது வலி வந்தது. அவர் முழங்காலை மடக்கிக்கொண்டார். சோப்பு நுரையைத் துடைத்துவிட்டு அவள் காத்திருந்தாள். மறுபடி முயன்றபோது அவர் கையை ஆட்டி வேண்டாம் என்றார்.

டாக்டர் சொன்னபடி சாயங்காலம் வந்தார். ரென்ஸ்கே அவரை நடைவழியில் நிறுத்தினாள். “அண்ணன் வந்துக்கிட்டு இருக்கான். கொஞ்சம் பொறுக்க முடியுமா?”

“நான் பொறுத்துக்குவேன், ரென்ஸ்கே. அவர் உடம்பு பொறுக்காது. வலி ஏறிட்டா அதைத் துரத்திப் பிடிக்கறது கஷ்டம்.” கோட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனார். “சரி, பார்க்கலாம்.”

அப்போது கைப்பேசி அடித்தது. யெல்மர். ஆலையில் நிற்கிறான். பாலை இறக்குவதற்கு முன் மாட்டு மருந்து கலந்திருக்கிறதா என்று மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். அவன் வண்டிப் பாலில் மருந்து இருப்பதாகச் சோதனை காட்டியிருக்கிறது.

“திரும்பச் சோதிக்கறாங்க. முடிவு வர்ற வரைக்கும் வண்டியை விட்டு நகர விடமாட்டாங்க. ஒவ்வொரு பண்ணை மாதிரியையும் தனித்தனியா பார்க்கறானுங்க.”

“வண்டியைப் போட்டுட்டு வா.”

“பண்ணைக்காரங்க பாலு. நான் கையெழுத்துப் போட்டு வாங்கினது. இவனுங்க தப்பா கொட்டிட்டா ஒருத்தன் தலையில விடியும். இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லு.”

தொழிலில் நாணயமான ஆள். அப்பன் மாதிரியே. அந்த நேரத்தில் அவளுக்கு இருவரையும் சேர்த்து அறையவேண்டும் போலிருந்தது.

“இன்னும் கொஞ்சம்” என்றார் ஹார்மன், டாக்டர் ஊசியைக் காட்டியபோது. பிறகு கேட்டபோதும், “இன்னும் கொஞ்சம்.” மேல்சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. ஒரு கட்டத்தில் வாந்தி எடுத்தார். வெறும் பித்தம். அதற்கப்புறம் வார்த்தை வரவில்லை. ஒரு சத்தம் மட்டும் வந்தது. ரென்ஸ்கே அதுவரை எந்த மனிதரிடமிருந்தும் கேட்டிராத சத்தம். ஆனாலும் டாக்டர் அவர் முகத்தருகே குனிந்து கேட்டால் தலையை இடதும் வலதுமாக அசைத்தார். கண் வாசலிலேயே இருந்தது.

தீநேக்கே ரென்ஸ்கேவின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். “இவன் சொல்ல மாட்டான். பையனே வரேன்னிருக்கான்ல, இனி பத்து நாள் ஆனாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பான். நீதான் சொல்லணும்.”

“யெல்மர் வழியில இருக்கலாம்.”

“இருக்கலாம்.”

ரென்ஸ்கே யெல்மரை அழைத்தாள். எடுக்கவில்லை. திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை. அறைக்குள் அந்தச் சத்தம் மறுபடி எழுந்தது. வெள்ளம் ஏறும்போது எந்தத் தாழ்நிலத்தைக் காப்பது, எதை மூழ்க விடுவது என்று முடிவெடுத்தவள்தான் அவள். அப்போதெல்லாம் கையில் எண்கள் இருந்தன.

“ஆரம்பிங்க” என்றாள் டாக்டரிடம்.

அப்பாவின் பக்கம் குனிந்தாள். “அவன் வந்துக்கிட்டே இருக்கான். நீ தூங்கு. வந்ததும் நான் பார்த்துக்கறேன்.”

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ஊசி ஏறியதும் அந்தப் பிடி ஒவ்வொரு விரலாக விட்டுப்போனது. தாதி வந்து தொடையில் மெல்லிய குழாய் செருகி, சின்னப் பம்ப் ஒன்றை மாட்டினாள். ரென்ஸ்கே அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாக ஓடியது.

யெல்மர் வந்தபோது கோடையின் நீண்ட மாலையில் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. ஆலைச் சீருடையோடு வந்தான். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு உள்ளே நுழைந்தான். பால் வாசனை.

“சோதனை தப்பு. பாலு சுத்தம்” என்றான். பிறகுதான் கட்டிலைப் பார்த்தான். “தூங்கறாரா?”

“தூங்க வெச்சாச்சு.”

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“மருந்தைக் குறைச்சா கொஞ்சம் முழிப்பு வரலாம்” என்றாள் ரென்ஸ்கே. “வலியோடதான் வரும். டாக்டரைக் கேக்கட்டுமா? நீ சொன்னா கேக்கறேன்.”

“நான் வந்துட்டேன்னு சொல்றதுக்காக வலியில எழுப்பணுமா? விடு.” நாற்காலியில் உட்கார்ந்தான். “நான் வர்றேன்னு சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“சொல்லாதன்னேன்.”

“சவரம் பண்ணி விடச் சொன்னாரு.”

யெல்மர் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். ஒரு கன்னம் மழுமழுவென்றும் மறு கன்னம் வெள்ளை முள்ளாகவும் இருந்தன.

“காது கேக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க” என்றாள் தீநேக்கே, கோட்டைப் போட்டுக்கொண்டே. “திட்டணும்னா திட்டுப்பா. அவனுக்குப் பழக்கம்தான். இத்தனை வருஷம் நான் திட்டியிருக்கேன், ஒரு மாத்தமும் இல்ல.”

அவள் போனதும் யெல்மர் பேச ஆரம்பித்தான். அவன் அம்மாவின் பாஷையான ஃப்ரீசிய மொழியில் பேசினான். ரென்ஸ்கேவுக்கு அது பாதிதான் புரியும். வசவு புரிந்தது. செருப்பு என்ற வார்த்தை புரிந்தது. குரல் ஏறியது, இறங்கியது, திரும்ப ஏறியது. அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

ஹார்மன் ஞாயிற்றுக்கிழமை இறந்தார். கண் திறக்கவில்லை. வாரியத்தின் பம்புகளை நிறுத்தும்போது போலவே, சின்னப் பம்பை நிறுத்திய பிறகும் ரென்ஸ்கேவின் காதில் அந்த ஓசை சற்று நேரம் ஓடியது.

உடலை வீட்டிலேயே, கீழே குளிர்தகடு வைத்துக் கிடத்தினார்கள். யெல்மர் வந்து மறு கன்னத்தைச் சவரம் செய்துவிட்டான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை. பழைய பேட்டியாளர்கள் வந்து காபி குடித்தார்கள். தலைக்கு ஒரு துண்டு கேக். தீநேக்கே யாரையும் கேட்காமல் எல்லார் கோப்பையிலும் இரண்டாவது முறை ஊற்றினாள்.

அடக்கத்துக்குப் பிறகு கல்லறை வாசலில் யெல்மர் சொன்னான்: “கொஞ்ச நாளைக்குக் கூப்பிடாத, ரென்ஸ்கே. நீ தப்பா ஒண்ணும் பண்ணல. அவரைத் தூங்க வெச்சது சரிதான்னு புத்திக்குத் தெரியுது. ஆனா உன் குரலைக் கேட்டா எனக்கு அந்த ஆலை வாசல்தான் ஞாபகம் வரும்.”

“சரி” என்று வாய் வரை வந்தது. அவள் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தாள். அதற்கு என்ன அர்த்தம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வீடு காலியானது. கட்டிலை எடுத்துப்போனார்கள். அவள் வேலைக்குத் திரும்பினாள். அப்பாவின் நினைவு வந்தபோதெல்லாம் முகம் வரவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த கண் மட்டும் வந்தது. தானா சொன்னான் என்று அவள் சொன்னதும் வந்தது. அவனைத் தேடிப்போய்ச் செய்தி சொன்னதை மறைத்த பொய் அது. அந்தப் பொய் இல்லாவிட்டால் அவர் அவ்வளவு வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கமாட்டார். அந்தப் பொய் இல்லாவிட்டால் மகன் தானாகவே வருகிறான் என்ற நிறைவோடும் அவர் செத்திருக்கமாட்டார். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தாள். முள் ஒரு பக்கமும் சாயவில்லை. இனி சாயப்போவதும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை யெல்மரை அழைத்தாள். எடுக்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் அழைத்தாள்.

“கூப்பிடாதன்னு சொன்னேன்ல?” என்றான்.

“சொன்ன.”

“அப்புறம்?”

“கூப்பிட்டேன்.”

“சொன்னாப் புரியாதா உனக்கு?” குரல் சூடேறியது. “மனுஷனை நிம்மதியா விடமாட்டியா? வேலை நேரத்துல வேற. அறிவிருக்கா?”

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் திட்டி முடித்தான். ஆனால் போனை வைக்கவில்லை. எங்கோ ஒரு பண்ணையில் நிற்கிறான் போல, பின்னால் பால் பம்ப் ஓடுகிற சத்தம் வந்தது. அதற்குள் ஒரு கரகரப்பு, சீராக, விட்டு விட்டு.

“உன் பம்ப்ல பேரிங் போகப்போகுது” என்றாள் ரென்ஸ்கே.

“தெரியும்” என்றான் யெல்மர். “ரெண்டு வாரமா சொல்லிக்கிட்டு இருக்கேன், எவனும் கேக்க மாட்டேங்கறான்.”